கூவி அழைப்பதா, தேடி வரச் செய்வதா?

கேள்வி: தஞ்சையில் ஏ.சி. பழுது பார்க்கும் சிறு தொழில் நடத்துகிறேன். விலைக்கு வாங்கிய எண்களுக்கு நாள்தோறும் குறுஞ்செய்தி அனுப்பியும் ஒருவரும் அழைக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அறிமுகமற்றவர் வீட்டுக் கதவை அகாலத்தில் தட்டிவிட்டு, அவர் விருந்து வைக்கவில்லையே என்று வருந்துவதில் பிரயோஜனமில்லை, அன்பரே, அதிலும் 1909 என்ற எண்ணில் விளம்பரம் வேண்டாமென்று பதிவு செய்துகொண்டவர்களைத் தொந்தரவு செய்வது, 2018-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை விதிகளுக்கே விரோதமானது. மின்விசிறியும் கைவிட்ட சித்திரை நடுநிசியில், வியர்வை வழியக் கைப்பேசியை எடுத்து, 'அருகில் ஏ.சி. மெக்கானிக்' என்று தேடுகிற மனிதர் இருக்கிறாரே, அவரே உங்களுடைய பிரத்தியட்ச வாடிக்கையாளர். அவர் கண்ணில் படும்படி, கட்டணமின்றிக் கிடைக்கும் கூகுள் வணிகப் பக்கத்தில் உங்கள் பெயர், எண், வேலை நேரம், நீங்களே செய்த வேலையின் புகைப்படங்கள் ஆகியவற்றைச் சேர்ப்பது, ஆயிரம் துண்டுப் பிரசுரங்களினும் சிலாக்கியமானது. வேலை முடிந்து, குளிர்ந்த காற்று முகத்தில் படுகிற அந்த ஆனந்த க்ஷணத்திலேயே இரண்டு வரி அபிப்பிராயம் எழுதும்படி கேளுங்கள் (தள்ளுபடி காட்டிக் கேட்பதைக் கூகுள் அனுமதிப்பதில்லை). உங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளவும் சொல்லுங்கள், ஏனெனில் வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் செய்தி, எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். எனக்கு மிகவும் பிடித்த உபாயம் வேறொன்று: சென்ற ஆண்டு நீங்கள் சர்வீஸ் செய்த வீடுகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, மாசி மாதத்திலேயே, "ஃபில்டரைச் சுத்தம் செய்ய வரட்டுமா, அம்மா?" என்று ஒவ்வொருவரையும் நீங்களே அழைத்துக் கேளுங்கள், அந்த அம்மாள் பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்தே நேரம் குறித்துக் கொடுப்பார்.