பேராண்டிக்குக் கள்ளி யோசனை

இன்னாடா பேராண்டி, தோல் ஷாப்புல வாங்கின போனஸ் பூராவையும் கூரியர்காரன் கையில குடுத்துட்டியாமே? டப்பாவைப் பிரிச்சா கூழாங்கல்லாட்டம் ரெண்டு செடி. கோனோபைட்டமாம். பேரு வாயில நுழையல, வெலை மட்டும் காதுல நல்லா நுழைஞ்சிது. வாங்கு சாமி, வாங்கு. உங்க பாட்டன் கள்ளியை வேலிக்கு நட்டான், நீ கூழாங்கல்லுச் செடியை ஷோகேஸ்ல வெக்கிற. முன்னேத்தம்தான்.

சீமைச் செடியை நம்பி கணக்குப் போட்டவன் நீ ஒருத்தன் மட்டுமில்ல. கும்பினிக்காரங்ககிட்ட ஆண்டர்சன்னு ஒரு டாக்டர் இருந்தாரு. 1780-கள் கடைசியில சைதாப்பேட்டையில சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டாரு. அதுல கொச்சினீல் பூச்சி வளத்து, செவப்புச் சாயம் எடுத்து, காசை அள்ளிடலாம்னு திட்டம். 1795-ல பூச்சி கல்கத்தாவுல வந்து எறங்கிச்சு. பாத்தா மட்டமான ஜாதி! சாயம் வெளுத்துப்போச்சு. சப்பாத்திக்கள்ளி மட்டும் கரம்பெல்லாம் பரவிடுச்சு. கடைசியில அதுல ஒரு ஜாதியை ஒழிக்க 1926-ல இலங்கையிலேர்ந்து வேற பூச்சியை வரவழைச்சாங்க. உன் தொட்டியில வெள்ளையா பஞ்சு ஒட்டினா அலறாதே. மாவுப்பூச்சிதான், அந்தப் பூச்சிக்குப் பங்காளி.

அதிசயம்தான் வேணும்னா நம்ம வேலூர் பக்கத்து அமிர்திக்கு வாடா. மான் பாத்துட்டு ஓடிடாதே. அங்க மலையடிவாரத்துல, பாறை இடுக்குல, புதருக்கு அடியில கள்ளிமுளையான் நிக்கும். நாலு பட்டை, வெரல் தடிமன், மேல போகப்போக ஊசியா மெலிஞ்சிருக்கும். எலைன்னு சொல்லிக்க ஒண்ணுமில்ல. பூ வந்தா குனிஞ்சு மோந்து பாரு, அழுகின நாத்தம். ஈ அதுல மயங்கித்தான் மகரந்தம் சொமக்குது. ஒன் மூக்கு தாங்கும், தெனம் பச்சைத்தோல் பாக்கிற மூக்குதானே. ஆடு மேய்க்கிறவன் ஒடிச்சுத் துவையல் அரைச்சா பசி அடங்கும்பான். அதே சாறை மாத்திரையில அடைச்சு, ஒடம்பு எளைக்கும்னு அமெரிக்காக்காரனுக்கு விக்கிறாங்க. பாத்துட்டு வா, புடுங்கிகினு வராதே. ஃபாரஸ்ட்காரன் புடிச்சா போனஸ் பத்தாது.

வாங்கினதை வாங்கிட்டே, காப்பாத்தற வழியைக் கேளு. கோனோபைட்டம் பொறந்த தென்னாப்பிரிக்க மேற்குச் சீமையில குளிர்காலத்துலதான் மழை. அப்பதான் வளரும், வெயில் காலம் பூரா தூங்கும். நம்ம வேலூர் வெயிலைப் பாத்து எரக்கப்பட்டு சித்திரையில சொம்பு சொம்பா ஊத்தினியோ, தூக்கத்துலயே அழுகிடும். மண்ணுல முக்காவாசி பொடிக்கல்லு போடு. உச்சி வெயில் படாம வெய்யி. மத்தபடி உன் பாசத்தை ஊட்டுக்காரிகிட்ட காட்டு.

இப்ப முக்கியமான சேதி. தென்னாப்பிரிக்காவுல 2019-லேர்ந்து 10 லட்சத்துக்கு மேல திருட்டுச் செடி புடிபட்டிருக்கு, அதுல நெறைய இந்தக் கோனோபைட்டம்தான். புடிபடாதது எத்தினி டப்பாவுல ஏறிச்சோ! ஆட்டுத்தோல்ல உண்ணி கடிச்ச தழும்பைப் பாத்து ரகம் பிரிக்கிறவன் நீ. அந்தக் கண்ணை இங்கயும் வெய்யேன். வெயில்ல கருகின வடு, அறுந்த வேரு, கோணல்மாணலா பழைய ஒடம்பு, இதெல்லாம் இருந்தா மலையைச் சொரண்டின சரக்கா இருக்கும். நர்சரியில வெதை போட்டது பெரும்பாலும் மழமழன்னு ஒரே அளவுல இருக்கும். அடுத்த டப்பாவுக்குப் பணம் அனுப்பறதுக்கு முன்னால வெதையில வளத்ததான்னு கேளு, பில்லு கேளு. விக்கிறவன் முழிச்சான்னா காசை மடியில முடிஞ்சுக்கோ.