ஊசியா, உறிஞ்சியா?

கேள்வி: சாப்பிட்டதும் எகிறும் சர்க்கரைக்கு ஊசி நல்லதா, மூச்சில் இழுக்கும் இன்சுலின் நல்லதா? மாத்திரையாகவே தந்துவிடக் கூடாதா?

– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாத்திரை ஆசையை முதலில் பார்த்துவிடுவோம். இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால், சாம்பாரில் உள்ள பருப்போடு பருப்பாக வயிறு அதையும் செரித்துவிடும்!

மற்ற இரண்டுக்கும் போட்டி வேகத்தில்தான். பழைய ரெகுலர் இன்சுலினை, இலை போடுவதற்கு அரை மணி முன்பே போட்டாக வேண்டும். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற அதிவேக ஊசிகள் சுமார் கால் மணியில் வேலையைத் தொடங்கி, 1 முதல் 2 மணி நேரத்தில் உச்சம் தொடும். மூச்சில் இழுக்கும் அஃப்ரெஸா பொடி சுமார் 12 நிமிடத்தில் களமிறங்கி, சுமார் முக்கால் மணி நேரத்தில் உச்சம் தொட்டு, சுமார் 3 மணி நேரத்தில் விடைபெறும். வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிடும் நல்ல விருந்தாளி! அதனால் நேரங்கழித்து வரும் தாழ்சர்க்கரை பயமும் குறைவு.

ஆனால் புகைபிடிப்பவர்கள், ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர்கள் இந்தப் பொடியைத் தொடவே கூடாது. மற்றவர்களுக்கும் நுரையீரல் சோதனை கட்டாயம். பொடி 4, 8, 12 யூனிட் கணக்கில்தான் வரும். ஒரு யூனிட் கூட்டிக் குறைக்க ஊசியோ இன்சுலின் பம்போதான் கைகொடுக்கும். டைப் 1 நோயாளிகளுக்கு நீண்டநேர இன்சுலின் ஊசியும் தொடர வேண்டும்.

ஊசியே போதும் என்பவர்களுக்கு: தொடையைவிட வயிற்றில் போட்டால் சீக்கிரம் ஏறும். ஒரே இடத்தில் குத்தாதீர்கள். அங்கே கொழுப்பு திரண்டு, மருந்து ஏறுவது தாறுமாறாகும். எந்த வழி என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சாப்பாட்டு நேரத்தை நீங்கள் தவறாதீர்கள்.