சீடிப் பையும் போன் வயரும்

யாழ்ப்பாணத்து வீட்டில் ஒரு சாமானை எறிவதென்றால் முதலில் ஒரு விசாரணை நடக்கும். "கிடக்கட்டும், ஒரு நாளைக்கு உதவும்" என்பதுதான் எப்போதும் தீர்ப்பு. 1990 இல் கறண்ட் நின்று, பற்றரியும் அரசின் பொருளாதாரத் தடைப்பட்டியலில் ஏறி, சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட சனத்திடம் வேறு தீர்ப்பை எதிர்பார்க்க முடியாது. ஜாம் போத்தல் விளக்காகியது. கார் மண்ணெண்ணெயில் ஓடியது. இந்தக் குணத்தோடுதான் எங்களில் சிலர் பிற்பாடு கொம்பியூட்டர் திருத்தப் போனோம்.

2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி திறந்தது. கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கிய கொம்பியூட்டர்கள் பஸ்ஸிலும் வானிலும் ஏறி, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி, முகமாலையில் இன்னொரு தடவை இறங்கி, ஒரு வழியாக ஊர் வந்து சேர்ந்தன. பெட்டிக்குள் மதர்போர்டுடன் ஒரு சீடி இருக்கும். வீட்டுக்காரர் அதைப் படச் சீடி என்று நினைத்துப் போட்டுப் பார்ப்பார். படம் ஓடாது. அடுத்த கிழமை அது முந்திரிகைப் பந்தலில் தொங்கும். வெயிலில் மினுங்கினால் குருவி அண்டாதாம். குருவி போனதோ தெரியாது, ட்ரைவர் போய்விட்டது.

அதன் அருமை அடுத்த முறை வின்டோஸ் போடும்போதுதான் தெரியும். எக்ஸ்பி வெளிவந்தது 2001 ஒக்ரோபரில். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்த உறுப்புகளில் பலவற்றை அதற்கு ஆரென்றே தெரியாது. படம் காட்டும் சிப், சத்தம் போடும் சிப், வலையோடு பேசும் சிப் என்று ஒவ்வொன்றையும் எப்படி வேலை வாங்குவது என்று சொல்லிக் கொடுக்கிற சின்ன மென்பொருள்தான் ட்ரைவர். அது இல்லாவிட்டால் கொம்பியூட்டர் எழும்பும், ஆனால் திரையில் ஐகன்கள் ஊதிப் பெருத்து 640க்கு 480இல் நிற்கும். பாட்டுப் போட்டால் கோடு நகரும், சத்தம் வராது. டிவைஸ் மனேஜரைத் திறந்தால் மஞ்சள் கேள்விக்குறிகள் வரிசையில் நிற்கும்.

அதற்கு எங்கள் வைத்தியம் மூடியைக் கழற்றுவதில் தொடங்கும். நாலு ஆணி, பெயின்ற் பிரஷ், ஒரு ரோச் லைற். செம்மண் தூசைத் தட்டிவிட்டுச் சிப்பின் முதுகை வாசிக்க வேண்டும். ரியல்ரெக் சிப் என்றால் மேலே ஒரு நண்டுப் படம் அச்சடித்திருக்கும். நண்டைக் கண்டால் ஊரில் எல்லாருக்கும் நாவூறும், எங்களுக்கு மூச்சு வரும். வலை நண்டு 8139 ஆக இருந்தால் எக்ஸ்பி கேளாமலே பிடித்துக்கொள்ளும். புதிய 8168 ஆக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எழுத்து அழிந்துபோன சிப்புக்கு வேறு வழி உண்டு. கேள்விக்குறிக்குள் புகுந்து அதன் அடையாள இலக்கத்தை எடுக்கலாம். 8086 என்றால் இன்டெல். 1978 இல் வந்த தங்கள் புகழ்பெற்ற புரொசெசரின் பெயரையே குடும்ப இலக்கமாக வைத்துக்கொண்டார்கள். 10டிஇ என்றால் என்விடியா, 1106 என்றால் வியா, 10இசி என்றால் நண்டு.

ஆளைக் கண்டுபிடித்தாலும் ட்ரைவர் வேண்டுமே? படத்துக்கான ட்ரைவர் ஒன்று 20 எம்பி இருக்கும். 56கே மோடத்தில், காகிதக் கணக்கின்படியே முக்கால் மணி நேரத்துக்கு மேல். நடுவில் ஆராவது போனைத் தூக்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவு நேரமும் லைன் ஓயாமல் கிடந்தால், கனடாவிலிருந்து எடுத்துக் களைத்தவர்கள் பக்கத்து வீட்டுக்கு எடுத்து "அவையளுக்கு என்னவும் நடந்திட்டுதோ?" என்று விசாரிப்பார்கள். மோடத்துக்கே ட்ரைவர் இல்லை என்றால் அந்தக் கவலையும் கிடையாது.

ஆகவே சேர்த்தோம். கண்ட இடமெல்லாம் ட்ரைவரைப் பிரதி எடுத்தோம். கறுப்பு ஸிப் வைத்த பெரிய சீடிப் பை ஒன்று என்னிடம் இருந்தது. மார்க்கர் பேனாவால் எழுதிய தலைப்புகள்: "சத்தம், பழைய இன்டெல்", "நண்டு, புதிசு", "என்னெண்டு தெரியாது, வேலை செய்யும்". கடைசிச் சீடிதான் அதிகம் உதவியது. இரவல் கேட்டு வரும் மற்றக் கடைக்காரரின் பெயரையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி ஒப்பமும் வாங்கிக்கொள்வோம். இவ்வளவு ஒழுங்காக நிர்வகித்த களஞ்சியத்தில் அசல் வின்டோஸ் சீடி ஒன்றுகூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மைக்ரோசொப்டுக்கு எங்கள் பக்கமிருந்து ஒரு சதமும் போகவில்லை. பொருளாதாரத் தடை இரண்டு பக்கமும் நடந்தது.

2006 ஆகஸ்ட் 11 இல் முகமாலையில் சண்டை மூண்டு பாதை திரும்ப மூடியது. அரிசியும் சீனியும் கப்பலில் வந்து சங்கக் கடை வரிசைக்குப் போயின. கொழும்புக்குப் போக இராணுவத்தின் கிளியரன்ஸ் வேண்டும், பிறகு பலாலியில் விமானத்துக்கோ காங்கேசன்துறையில் கப்பலுக்கோ காத்துக் கிடக்க வேண்டும். புது மதர்போர்ட் வராத அந்தக் காலத்தில் பழைய போர்டுகளும் அவற்றின் சீடிகளும் விலை ஏறின. முந்திரிகைப் பந்தலில் ஏறி, வெயில் காய்ந்த சீடியை இறக்கி, ஷேர்ட் நுனியால் துடைத்துக் கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். சில சீடிகள் ஓடவும் செய்தன!

போர் முடிந்தது. பாதை திறந்தது. 2014 இல் யாழ்தேவியும் யாழ்ப்பாணம் வந்தது. ட்ரைவர் பஞ்சமும் தீர்ந்தது என்றார்கள். வின்டோஸ் 10 வலையில் ஏறியதும் தனக்கு வேண்டியதைத் தானே தேடி எடுத்துக்கொண்டது. "இனி உங்கட பையைக் குப்பையிலை போடுங்கோ மாமா" என்றான் மருமகன். விசாரணை நடந்தது. தீர்ப்பு உங்களுக்குத் தெரியும்.

அண்மையில் சுவிஸிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவனுக்கு ஒரு லப்டொப் கொடுத்தார். இசட் இருக்க வேண்டிய இடத்தில் வை, திரை முழுக்க ஜேர்மன். அழித்துவிட்டு ஆங்கில வின்டோஸ் 11 போடுவோம் என்று முற்றாகத் துடைத்தான். நிறுவத் தொடங்கியதும் திரை, டிஸ்க் எதுவுமே இல்லை என்றது. கண்ணுக்கு முன்னால் ஐந்நூறு ஜிபி கிடக்கிறது, அது இல்லையென்கிறது! இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லப்டொப்புகளில் டிஸ்க் விஎம்டி என்ற இடைத்தரகருக்குப் பின்னால் நிற்கிறது. அதற்குரிய ட்ரைவரைப் பென்ட்ரைவில் கொண்டுவந்து காட்டினால்தான் டிஸ்க் முகம் காட்டும். எக்ஸ்பி காலத்தில் எஃப்6 விசையை அழுத்திப் பிளொப்பியில் கொடுத்த அதே சங்கதி. இன்டெல் அந்த ட்ரைவர் பொதியின் பெயரில் எஃப்6ஐயும் பிளொப்பியையும் இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. பிளொப்பியை வாழ்நாளில் காணாத மருமகன் அதைப் பக்கத்து வீட்டுக் கொம்பியூட்டரில் இறக்கிக்கொண்டு வந்தான்.

டிஸ்க் வந்தது. வின்டோஸ் ஏறியது. அடுத்த வாசலில் திரும்ப மறியல்.

"மாமா, நெற் இல்லாமல் அங்காலை விடமாட்டன் எண்டுது."

"வைஃபையைக் குடன்."

"வைஃபைக்கு ட்ரைவர் இல்லை."

"அதெங்கை கிடக்கு?"

"நெற்றிலை."

எனக்குச் சொல்லொணா மகிழ்ச்சி. வெளியே போகக் கிளியரன்ஸ் வேண்டும், கிளியரன்ஸ் கந்தோரோ வெளியேதான் இருக்கிறது. உலகத்தின் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒருவழியாக எங்கள் 2006க்கு வந்து சேர்ந்திருக்கிறது. எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து பையை எடுத்து வந்தேன். நானோ சீடியைத் தேடுகிறேன், அவனோ லப்டொப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறான். அதில் சீடி போட ஓட்டையே இல்லை.

பிறகு அவன் சார்ஜர் வயரால் தன் போனை லப்டொப்பில் செருகி, யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினான். அந்த வழிக்கான பொது ட்ரைவரை வின்டோஸ் தன் மடியிலேயே வைத்திருக்கிறதாம். வலை வந்தது. வைஃபை வந்தது, சத்தம் வந்தது, படம் வந்தது, பக்கத்து அறைப் பிரிண்டர்கூட வந்தது. நான் வைத்திருந்த "நண்டு, புதிசு" சீடி ஒருவரும் கேளாமல் பைக்குள் திரும்பியது.

ஆனாலும் அவனுக்கு ஒன்று சுட்டிருக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் கறண்ட் நின்றபோது போன் சிக்னலும் மெலிந்ததை அவன் பார்த்தவன். இப்போது எந்த மெசினையும் துடைக்கமுன் கறுப்புத் திரையில் பிஎன்பியுடில் என்று ஒரு வரி அடித்து, அதிலுள்ள ட்ரைவர்கள் முழுவதையும் பென்ட்ரைவுக்கு ஏற்றிவிட்டுத்தான் துடைக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவான்.

ஊரில் அவனும் இப்போது இரண்டொரு வீடுகளுக்கு வின்டோஸ் போட்டுக் கொடுக்கிறான். காசு கேட்பதில்தான் சிக்கல். அந்த நாளில் மூடி கழற்றி, நண்டு தேடி, பை கிண்டி, இரவு பதினொரு மணிக்கு முடித்து நிமிர்ந்தால் வீட்டுக்காரர் கேட்பார்: "சீடிதானே தம்பி போட்டனீர், அதுக்குமோ காசு?" போன கிழமை மருமகனிடம் ஒரு வாத்தியார் கேட்டாராம்: "நெற்தானே தம்பி எல்லாத்தையும் போட்டது, அதுக்குமோ காசு?" எக்ஸ்பி போய்ப் பதினொன்று வந்தாலும், இந்தக் கேள்வி மட்டும் எந்த ட்ரைவரும் கேளாமல் தானாகவே ஓடுகிறது.