காலுக்கு ஒரு கௌரவம்

வத்தல்மலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வீட்டில் காலை வெந்நீரில் ஊற வைப்பது மிகவும் நல்ல பழக்கம். தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் கிளட்சை மிதித்த இடது கால் என்ன பாடுபட்டிருக்கும்! ஆட்டோமேட்டிக் கார் என்றால் அந்தக் காலுக்கு வேலையே இல்லை. சும்மா இருப்பது மட்டும் களைப்பில்லையா?

செய்முறை எளிது. அகலமான டப்பில் கணுக்கால் மூழ்க வெதுவெதுப்பான தண்ணீர், அரை டம்ளர் எப்சம் உப்பு, நான்கு ரோஜா இதழ். மலையில் வாங்கிய காபித்தூளில் ஒரு பிடியும் போடலாம். காபியைக் குடிப்பதெல்லாம் பழைய பழக்கம். 15 நிமிடம் ஊறினால் போதும். போட்டோ சரியாக வரவில்லையென்றால் இன்னொரு 15.

சாலை வருவதற்கு முன் மலைவாசிகள் விளைச்சலைச் சுமந்துகொண்டு நடந்தே இறங்கினார்கள். உப்பு, புளி வாங்கிக்கொண்டு நடந்தே ஏறினார்கள். வாங்கிய உப்பை அப்படியே குழம்பில் போட்டுவிட்டார்கள். பாதப் பராமரிப்பில் அவ்வளவு அலட்சியம்!

நாம் அப்படி இல்லை. லாவெண்டர் வாசனையோடு, அழகான ஜாடியில் அடைத்த எப்சம் உப்பைத்தான் வாங்குகிறோம். அதன் ரசாயனப் பெயர் மெக்னீசியம் சல்பேட். இலை மஞ்சளித்த செடிக்குப் போடுவதற்காக உரக்கடையில் மூட்டையாகவே வைத்திருப்பார்கள். அங்கே போனால் செடிக்கு என்று மட்டும் கேளுங்கள். காலுக்கு என்று தெரிந்தால் விலை ஏறிவிடும்.