நாய்க்குச் சாதகம் இருக்கு, செடிக்குப் பேர் இருக்கா?

ஏலே பேராண்டி, உன் நாய்க்குட்டியைப் பாத்தேன். களையான குட்டிதான். கென்னல் கிளப் சான்றிதழையும் எடுத்துக் காட்டுனே. அப்பன் பேரு, ஆத்தா பேரு, பாட்டன் பேரு, பூட்டன் பேரு எல்லாம் அச்சடிச்சுக் கிடக்கு. நம்ம குடும்பத்துல என் பாட்டன் பேரு என்னன்னு உன்னைக் கேட்டா முழிப்பே. நாயோட பூட்டன் பேரு மட்டும் தலைகீழா ஒப்பிக்கிறே. சந்தோசம். ஆனா அந்தக் குட்டி பொழுதன்னைக்கும் மோந்துக்கிட்டும் கடிச்சுக்கிட்டும் கிடக்குதே வாசல் தொட்டிச் செடி, அது என்ன செடின்னு கேட்டா, "ஏதோ ஷோ செடி தாத்தா"ங்கிறே. நாய்க்குச் சாதகம் பாத்தவன் செடிக்கு ஒரு பேராவது கேட்டிருக்க வேண்டாமா?

ஊர்ல ஆடு வளத்தவனுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைச்சல். பச்சை கிடைக்கிற காலத்துல ஆடு மோந்து பாக்கும், பிடிக்கலைன்னா அடுத்த செடிக்குப் போயிரும். ஆடுதொடா, ஆடுதின்னாப்பாளைன்னு ஆட்டோட நாக்கை நம்பியே செடிக்குப் பேர் வச்ச சனம் நாம. உன் நாய் அப்படி இல்லை. அது பசிச்சுக் கடிக்கலை, பொழுது போகாமக் கடிக்குது. பல்லு முளைக்கிற வயசு வேற. நீ காலையில லேப்டாப்பைத் திறந்தா ராத்திரிதான் மூடுறே. அது என்ன பண்ணும் பாவம்? நம்ம பக்கத்துச் சிப்பிப்பாறை நாய்க்கு ஓடக் காடு இருந்துச்சு, விரட்ட முயல் இருந்துச்சு. உன் நாய்க்கு இருக்கிறது நாலு தொட்டியும் ஒரு செருப்பும். செருப்பைத் தின்னா நட்டம் உனக்கு, செடியைத் தின்னா நட்டம் அதுக்கு.

கேட்டுக்கு ரெண்டு பக்கமும் அரளி வச்சிருக்கே. ஏன்டான்னு கேட்டா, "நாலுவழிச் சாலை நடுவுல கவர்மெண்டே வச்சிருக்கே தாத்தா, நல்ல செடியாத்தான் இருக்கும்"ங்கிறே. அட புத்திசாலி! அங்க ஏன் வச்சான்? தண்ணி ரொம்பக் கேக்காது, லாரிப் புகையைத் தாங்கும், ஆடு மாடு வாய் வைக்காது. ஏன் வாய் வைக்காதுன்னு யோசிச்சியா? இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே விசம். இருதயத்தைப் பிடிக்கிற விசம். நாய் முதல்ல எச்சில் வடிக்கும், வாந்தி எடுக்கும். அப்புறம் நாடி தளரும், இல்லைன்னா தாளம் தப்பி அடிக்கும். கொஞ்சூண்டு தின்னாலே போதும்.

அரளியை அடையாளம் தெரியணும்னா பூவைப் பாக்காதே. பூ சிவப்பு, வெள்ளை, ரோசுன்னு ஆயிரம் வேசம் போடும். கணுவைப் பாரு. பெரும்பாலும் ஒரே கணுவுல மூணு இலை சுத்தி நிக்கும். நீளமா, ஒடுக்கமா, தோல்கணக்கா விறைப்பா இருக்கும், நடு நரம்பு வெளுத்துத் தெரியும். இதுல இன்னொரு சங்கதி. அரளி காஞ்சாலும் விசம் போகாது. நீ போன வாரம் கவாத்துப் பண்ணி மூலையில குவிச்சு வச்சிருந்தியே, அதுல இருந்து ஒரு குச்சியை உருவித் தூக்கி எறிஞ்சு, "ஓடு, ஓடு, எடுத்துட்டு வா"ன்னு நாய்க்கு இங்கிலீஷ்ல உத்தரவு போட்டுக்கிட்டு இருந்தே பாரு, அதைப் பாத்துத்தான் இந்தக் கிழவன் திண்ணையில இருந்து எந்திரிச்சு வந்தேன். நாய் உன் சொல் பேச்சு கேக்காம உக்காந்திருந்துச்சே, அன்னைக்கு வீட்டுல அறிவாளி யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

கேரளாவுல 2024-ல திருவிதாங்கூர் தேவசம் போர்டும் மலபார் தேவசம் போர்டும் நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளிப்பூ கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. பிரசாதத்துக்கே ஆகாதுன்னு ஒதுக்குனதை நீ நாய்க்கு விளையாட்டுச் சாமானாக் குடுக்கிறே.

மஞ்சள் அரளி வேற ஆளு, ஆனா பங்காளி. இலை இன்னும் ஒடுக்கம், கணுவுக்கு ஒண்ணா ஏறிப் போகும், கிள்ளினா வெள்ளைப் பால் வடியும். காய் பச்சையா, நாலு மூலை வச்சு, கீழ விழுந்து கறுத்துப் போகும். அதுக்குள்ள இருக்கிற கொட்டைதான் எமன். யாழ்ப்பாணத்து டாக்டர்மாரைக் கேளு, அலரிக்கொட்டை பத்தி விடிய விடியச் சொல்வாங்க. மொட்டை மாடியில அடிப்பாகம் பெருத்து நிக்குதே அடினியம், அதும் இதே குடும்பம், அதே இருதய விசம். மாடிக்கு நாய் போகாதுங்கிறியா? நீ போற இடத்துக்கெல்லாம் அதும் வரும்டா, அதுக்குத்தானே சோறு போடுறே.

இப்ப பெரிய சங்கதிக்கு வர்றேன். ஹாலுக்கு வெளியில சீனாப் பானையில உன் வீட்டுக்காரி ஆசை ஆசையா வச்சிருக்காளே, கல்யாண மண்டபத்துல பாத்துப் பிடிச்சுப்போய் வாங்குனது, அது சைகஸ். நர்சரிக்காரன் பாம்னு சொல்லித்தான் குடுத்திருப்பான். அவனுக்கு ஓலை இருந்தா எல்லாம் பாம். பக்கத்துல இருக்கே அரிக்கா பாம், அது நெசமான பனைச் சாதி, நாய் கடிச்சாலும் பயமில்லை. சைகஸ் பனையே இல்லை. பூக்கிற செடியெல்லாம் பொறக்கிறதுக்கு முந்தியே இந்தக் குலம் பூமியில இருந்திருக்கு. இந்தத் தொட்டிச் சாதிக்குச் சொந்த ஊரு தெற்கு ஜப்பான்.

ரெண்டையும் பிரிக்கிறது சுளுவு. அரிக்கா பாமுக்குத் தண்டு வழவழன்னு வளையம் வளையமா இருக்கும், ஓலை மெத்துனு தொங்கும். சைகஸுக்கு அடிமரம் குட்டையா, பழைய மட்டை அறுத்த வடுவோட சொரசொரன்னு இருக்கும். ஓலையை உள்ளங்கையில அழுத்திப் பாரு, நுனி குத்தும். இலையோட விளிம்பு கீழ்ப்பக்கமாச் சுருண்டிருக்கும், விரலால தடவினாத் தெரியும். வயசான பெண் செடின்னா நடு உச்சியில ஆரஞ்சு நிறத்துல கொட்டை கட்டும். இலை, வேர், கொட்டை எல்லாத்துலயும் சைகாசின்னு ஒரு விசம். கொட்டையில ரொம்ப அதிகம், ஒண்ணு ரெண்டு கொட்டையே ஒரு நாய்க்குப் போதும். தின்ன அன்னைக்கு வாந்தி எடுத்துட்டு, நாய் தேறிட்ட தோரணையில நடமாடும். நீயும் "சரியாயிருச்சு"ன்னு வேலையைப் பாப்பே. ரெண்டு மூணு நாளுக்குள்ள ஈரல் போயிரும். கண்ணு, ஈறு எல்லாம் மஞ்சளாகும்போது நீ டாக்டரைத் தேடுவே. பெரிய ஆஸ்பத்திரியில படுக்க வச்சு வைத்தியம் பாத்தும் நிறைய நாய்க பிழைக்கிறதில்லை. அதனால மத்ததுல நான் சமாதானமாப் போவேன், சைகஸுல போக மாட்டேன்.

அடுத்து ரோசாச் செடிக்கு நீ போடுற உரம். "இயற்கை உரம் தாத்தா, கெமிக்கல் இல்லை"ன்னு நெஞ்சை நிமித்துறே. மூட்டையைப் பிரிச்சு மோந்து பாத்தேன், ஆமணக்குப் புண்ணாக்கும் எலும்புத்தூளும் கலந்தது. எண்ணெயை ஆட்டி எடுத்தாலும் ஆமணக்கோட விசம் எண்ணெயோட போகாது, சக்கையிலேயே தங்கிரும். நல்லாச் சூடேத்தினாத்தான் அடங்கும். ஆலைக்காரன் எவ்வளவு சூடேத்தினான்னு மூட்டையில எழுதியிருக்கா? எழுதலை. எலும்புத்தூள் வாசம் வேற வா வான்னு கூப்பிடுது. விசத்தை மசாலாத் தடவி வச்ச கதைதான். தின்ன கொஞ்ச நேரத்துல ஒண்ணும் தெரியாது. பொழுது விடியறதுக்குள்ள வாந்தியும் ரத்தப் பேதியுமா ஆரம்பிக்கும். மூட்டையைப் பரண்ல ஏத்து. தொட்டிக்கு நல்லா மக்குன சாணி எரு போடு. வேலியோரம் ஆமணக்கோ காட்டாமணக்கோ தானா முளைச்சிருந்தா, காய் வைக்கிறதுக்கு முந்தி பிடுங்கிரு.

மிச்சத்தை வேகமாச் சொல்லிடறேன், காப்பி ஆறுது. மணி பிளான்ட், டைஃபன்பாக்கியா, பீஸ் லில்லி எல்லாம் சேம்புக் கூட்டம். சேனைக்கிழங்கு அரியும்போது கை அரிக்குமே, அதே காறல்தான், இலைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியா உப்பு. நாய் கடிச்ச மறுநிமிசம் எச்சில் ஒழுக, மூஞ்சியைத் தரையில தேய்க்கும். பெரும்பாலும் உசுருக்கு ஆபத்தில்லை. ஈரத்துணியால வாயைத் துடைச்சு, கொஞ்சம் தயிர் குடு. தொண்டை வீங்கி மூச்சுத் திணறினா மட்டும் ஓடு.

மதில் ஓரத்துல நித்தியகல்யாணி நிக்குது. நாய்க்கு ஆகாது. ஆனா ஒரு வேடிக்கையைக் கேளு: தெருநாய்களுக்குக் குறியில கட்டி வருமே, அதைக் கரைக்க டாக்டர் வாராவாரம் போடுற வின்கிறிஸ்டின் ஊசி மருந்து இந்தச் செடியில இருந்து எடுத்ததுதான். டாக்டர் கையில மருந்து, நாய் வாயில விசம். செங்காந்தள் மாநில மலர்னு பெருமையா நட்டிருக்கே. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயி அதைக் கண்வலிக்கிழங்குன்னு சொல்லி, மருந்துக் கம்பெனிக்கு விதை எடுக்கப் பயிரே பண்றான். இலை நுனியே கொடிப்பிடியாச் சுருண்டு கம்பியைப் பத்தும், அதை வச்சு யாரும் கண்டுபிடிக்கலாம். மண்ணுக்குள்ள கலப்பை வடிவத்துல கிழங்கு. உன் நாய் தோண்டுறதுல மன்னன், அதனால மாநில மலருக்கு ஒரு கம்பி வேலி கட்டு. ஊமத்தை முளைச்சா அன்னைக்கே பிடுங்கு. பிள்ளையார் சதுர்த்தி முடிஞ்சு களிமண் பிள்ளையாரை வாளியில கரைப்பியே, அப்ப அவருக்குக் கண்ணா வச்ச குன்றிமணி ரெண்டையும் எண்ணி எடுத்து வை. குன்றிமணி முழுசா உள்ள போனா ஓடு கெட்டி, பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துரும். கடிச்சு உடைச்சாத்தான் வினை.

இவ்வளவு சொன்னதும் முகம் வெளுத்துப் போச்சே! இதுக்குப் பயந்து தோட்டத்தை வழிச்சு சிமெண்டு போட்டுறாதே. செம்பருத்தி வை, மல்லிகை வை, ரோசா வை, துளசி வை, நாய் தாராளமா மேயட்டும். செம்பருத்திப் பூவைத் தின்னா உன் வீட்டுக்காரிக்குத்தான் கோவம் வரும். ஊரே மிரளுற லில்லிப் பூ இருக்கே, அது பூனைக்குத்தான் சிறுநீரகத்தை அழிக்கிற எமன், நாய்க்கு வயித்துக் கோளாறோட போகும். கிறிஸ்துமஸுக்கு வைக்கிற சிவப்பு இலைச் செடிக்குக் கிடைச்ச கெட்ட பேரும் அதிகப்படி.

செல்போன்ல படம் பிடிச்சாப் பேர் சொல்லுமாமே, பிடி. ஆனா முதல் பதிலை வேதவாக்கா எடுத்துக்காதே. பூ, இலை, கணு, காய்னு தனித்தனியாப் பிடி. அப்புறம் நர்சரிக்காரன்கிட்டத் தாவரவியல் பேரை எழுதி வாங்கு. அவனுக்குத் தெரியலைன்னா செடியை வாங்காதே. ஒவ்வொரு தொட்டியிலயும் அந்தப் பேரை எழுதி ஒட்டு. நாய்க்குக் கழுத்துல வெள்ளி வில்லை தொங்குது, செடிக்கு ஒரு காகிதம் ஒட்டக் கூடாதா?

எப்பவாவது தின்னுருச்சுன்னா, உப்புத்தண்ணியைக் கரைச்சு ஊத்துற வேலை வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரி, எதிர்த்த வீட்டுக்காரர், ஏன் நானே சொன்னாலும் ஊத்தாதே. உப்பே நாயைக் கொன்னுரும். வாந்தி எடுக்க வைக்கணுமா வேண்டாமாங்கிறது டாக்டர் பாடு. மிச்சம் கிடக்கிற இலையையும் காயையும் ஒரு கவர்ல போட்டுக்கோ, எப்பத் தின்னுச்சு, எவ்வளவு தின்னுச்சு, நாய் என்ன எடைன்னு மூணையும் சொல்லு. மெட்ராஸ்ல வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல இருந்து நடக்குது. உன் வீட்டுல இருந்து அங்க போக எவ்வளவு நேரம் ஆகும், ராத்திரியில பக்கத்துல எந்த டாக்டர் போனை எடுப்பாரு, இதை இன்னைக்கே விசாரிச்சு எழுதி வை.

அரளியை நாளைக்கு நானே வெட்டித் தர்றேன், கையில உறை மாட்டிக்கிட்டு. புண்ணாக்கு மூட்டையைப் பரணுக்கு நீ தூக்கு. அந்த சைகஸ் மட்டும் இந்த வாரத்துக்குள்ள நாயும் பிள்ளையும் இல்லாத வீட்டுக்குப் போயிரணும். அதை உன் வீட்டுக்காரிகிட்ட எப்படிச் சொல்றதுங்கிறது உன் சாமர்த்தியம், அதுல தாத்தனை இழுக்காதே.