சர்க்கரைக் கொல்லித் தேனுக்கு ஓர் ஆசி வேண்டி

அனுப்புநர்: ஒரு சர்க்கரைக்காரன், திருச்சுழி, விருதுநகர் மாவட்டம்.
பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள், ஆயுஷ் அமைச்சகம், புதுதில்லி.
பொருள்: தேனைக் கொண்டு சர்க்கரை நோயை விரட்டும் தொழில் தொடங்குதல் – ஆசி கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் 29.08.2023 கடிதமும் 01.07.2024 அறிவிக்கையும்.

ஐயா,

எனக்குச் சுகர் உண்டு. எங்கள் தெருவில் இதைச் சொல்லிப் பெருமைப்பட முடியாது. வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது நாட்டில் 10.1 கோடிப் பேர் என்றது; தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14.4. படித்தவர்கள் கவலைப்பட்டார்கள். எனக்கு அது வாடிக்கையாளர் கணக்காகத் தெரிந்தது. 'சர்க்கரைக் கொல்லி கொம்புத்தேன்' என்றொரு சரக்கு போட உத்தேசம்.

திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் திரும்பின இடமெல்லாம் சீமைக்கருவேலம். முள்ளுக்குள்ளே ஒரு கொப்பில் கையகலத்துக்கு ஒற்றை அடை தொங்கும். புகை போட்டு ஈயை ஓட்டி, கொப்போடு வெட்டிக் குண்டானில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிடுவார் எங்களூர்க்காரர். பிழிந்து குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றித் தருவார். கலப்படமா என்று முகத்தைச் சுளித்தால், ஒரு தீக்குச்சியைத் தேனில் முக்கி எடுத்து உரசிக் காட்டுவார். பற்றிக்கொண்டால் சுத்தத் தேன். எங்களூர் ஆய்வுக்கூடம் அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடைஞ்சல். கொம்புத்தேனீ பெட்டிக்குள் அடங்காது. சீண்டினால் அடையை விட்டுவிட்டுக் கூண்டோடு இடத்தைக் காலி செய்துவிடும். அதை நம்பிக் கம்பெனி நடத்த முடியாது. இந்தக் கவலையை 2020 டிசம்பரில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தீர்த்துவைத்தது. 13 பிராண்டுத் தேனை வாங்கிச் சோதித்து, ஜெர்மனி ஆய்வகம் வரைக்கும் அனுப்பிப் பார்த்ததில் எல்லாவற்றிலும் தேறியவை மூன்றே மூன்று. அந்த மையமே வேண்டுமென்று பாதிக்குப் பாதி சர்க்கரைப் பாகு கலந்து அனுப்பிய மாதிரியோ, நம் நாட்டு விதிப்படியான சோதனையில் ஜம்மென்று பாஸாகிவிட்டது. (கம்பெனிகள் மறுத்தன, மறுக்காமல் என்ன செய்யும்?) ஜெர்மனியில் செய்த, பாகைப் பிடிக்கிற என்.எம்.ஆர். என்ற சோதனையை அதே ஆண்டு ஆகஸ்டிலேயே ஏற்றுமதித் தேனுக்குக் கட்டாயமாக்கியிருந்தார்கள். உள்ளூர் வாய்க்குத் தீக்குச்சி போதும் போலிருக்கிறது.

பாகு கலக்காத அசல் தேனிலும் நூறு கிராமில் ஏறக்குறைய 80 கிராம் சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டி விழுங்கினால் 17 கிராம் உள்ளே போகும். இதைப் பெட்டியில் அச்சிட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆய்வுகள் பற்றிக் கேட்பார்கள், அதற்கும் தயார். 2009இல் ஈரானில் சர்க்கரை நோயாளிகள் 48 பேரை வைத்து, எட்டு வாரம் தேன் கொடுத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது, கொழுப்புக் கணக்கு தேவலையானது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி மட்டும் ஏறிவிட்டது. முதல் பாதி போஸ்டருக்கு. மறு பாதிக்குப் போஸ்டரில் இடம் இருக்காது. கூட்டின் விரிசலைத் தேனீ அடைக்கிற பிசினைப் புரோபோலிஸ் என்று மாத்திரையாக்கி விற்கிறார்கள் அல்லவா, அதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியதாகச் சில சின்ன ஆய்வுகள் உண்டு. அதை அப்படியே தேனின் பெயரில் வரவு வைத்துக்கொள்வேன். ஒரே பூச்சியின் குடும்பச் சொத்துதானே.

இனி சட்டம். 1954இல் போட்ட மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டத்தில், குணமாக்குவதாக விளம்பரமே செய்யக்கூடாத நோய்கள் 54 என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நீரிழிவு அதில் உண்டு. முதல் முறை மாட்டினால் ஆறு மாதம் வரை உள்ளே போகலாம். போதாததற்கு 2018இல் விதி 170 வந்தது: ஆயுர்வேத, சித்த மருந்து விளம்பரம் எதுவானாலும் மாநில அதிகாரியிடம் காட்டி எண் வாங்கிய பிறகே வெளியிட வேண்டும். கதி கலங்கிவிட்டது. அப்போதுதான் தாங்கள் கருணை கூர்ந்தீர்கள். அந்த விதியின் கீழ் நடவடிக்கை வேண்டாம் என்று 2023 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதினீர்கள். உச்ச நீதிமன்றம் கேள்வி கேட்டதும், அடுத்த ஜூலையில் விதியையே எடுத்துவிட்டீர்கள். எடுத்ததற்கு அந்த ஆகஸ்டில் நீதிமன்றம் தடை போட்டது. 2025 ஆகஸ்டில் வழக்கும் முடிந்தது, தடையும் போனது. நோயாளியை இவ்வளவு விடாப்பிடியாகக் கவனித்துக்கொண்ட அலுவலகத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு போட்டியாளரைப் பற்றி மட்டும் முறையிட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இல் தொடங்கினார்களே, அதில் வருகிற அம்மா மாதாமாதம் படியேறி வந்து மெட்ஃபார்மின் அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, "சாப்பிட்டதும் போடுங்கண்ணே, நிறுத்திராதீங்க" என்பதோடு நோட்டில் டிக் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. வேரோடு அறுப்போம் என்று ஒரு நாள் சொன்னதில்லை. பக்க விளைவே இல்லை என்று சத்தியம் செய்ததில்லை. காசும் வாங்குவதில்லை. என் முதல் விளம்பரமே "அட்டை மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்" என்பதுதான். எறிந்த ஆளுக்குக் கால் புண் ஆறாமல் போனால் அந்த அம்மாவே தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடும் என்பதால் எனக்குச் செலவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். இதே பாட்டிலை உணவு என்று பதிந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஜன்னல், மருந்து என்று பதிந்தால் தங்கள் ஜன்னல் என்கிறார்கள். எந்த ஜன்னலில் கேள்வி குறைவு என்று தெரிவித்தால் அங்கே வந்து நிற்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள
சர்க்கரைக்காரன்

இணைப்பு: கொம்புத்தேன், குவார்ட்டர் பாட்டில் 1 (தீக்குச்சிச் சோதனையில் தேறியது). தபாலில் கசிந்திருந்தால் துடைத்துவிடவும். தங்கள் அலுவலகத்தில் சுகர் உள்ளவர்கள் யாரும் நக்கிவிட வேண்டாம்.