மாமாவின் பிளஸ் மைனஸ்

ஸ்கார்பரோ, டொரான்டோ
14 டிசம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இவ்விடம் நாங்கள் மூவரும் க்ஷேமம். அவ்விடம் உங்கள் க்ஷேமத்துக்கும் மாமியின் முழங்கால் க்ஷேமத்துக்கும் எழுதவும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான் பேசினால் நீங்கள் பாதியில் வெட்டுவீர்கள். கடிதத்தை வெட்ட முடியாது, மிஞ்சிப்போனால் கிழிக்கலாம். கிழிப்பதாக இருந்தாலும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுக் கிழியுங்கள். உங்களைப் பற்றி ஒரு தீர்ப்பு அங்கே இருக்கிறது.

குளிர் மைனஸில் இறங்கிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் மார்கழிப் பனிக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு அம்மா மண்டபம் போகிறவர்களை நினைத்துக்கொள்கிறேன். அது பனியே இல்லை, பனி மாதிரி வேஷம். நீங்கள் வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரத்தில் நாங்கள் வாசலில் கிடக்கும் பனியை வாரிக் கொட்டுகிறோம். இரண்டுக்கும் இடுப்புவலி ஒன்றுதான், கோலம் மட்டும் மிஞ்சுவதில்லை.

எழுத உட்கார்ந்த விஷயம் ஹாக்கி. இங்கே ஹாக்கி என்றால் பனிக்கட்டியில் ஆடுவதுதான். நம் ஹாக்கியைச் சொன்னால், "ஓ, புல்லில் ஆடுவார்களே, அதுவா?" என்று மாடு மேய்க்கிற காரியம்போலக் கேட்கிறார்கள். எட்டு ஒலிம்பிக் தங்கம் அந்தப் புல்லில்தான் வாங்கினோம் என்று ஒருநாள் அடித்துவிட்டேன். உடனே மண்டைக்குள் உங்கள் குரல்: "ஏழுதாண்டா புல்லுல. எட்டாவது, 1980 மாஸ்கோ, பாஸ்கரன் கேப்டன், அது செயற்கைத் தரை." கடல் தாண்டி வந்தும் திருத்துகிறீர்கள்.

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 200 அடி நீளம், 85 அடி அகலத்துக்குப் பனிக்கட்டித் தரை. பந்துக்குப் பதில் 'பக்' என்று ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிமன், மாமியின் தவலை வடை சைஸ். துள்ளாமல் இருக்க அதையும் உறையவைத்துத்தான் ஆட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். முக்கால் நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆள் மாறுகிறது. நடுவில் இரண்டு பேர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடித்துக்கொள்கிறார்கள். ஒருவன் கீழே விழும்வரை நடுவர்கள் ஒதுங்கி நின்று பார்க்கிறார்கள், அடையவளஞ்சான் வீதியில் பங்காளிச் சண்டை வந்தால் நம் தெருவே திண்ணையில் நின்று பார்க்குமே, அப்படி. பிறகு இரண்டு பேரையும் தனித்தனிக் கூண்டில் ஐந்து நிமிஷம் உட்காரவைக்கிறார்கள்.

இருபது நிமிஷ ஆட்டம் மூன்று தரம். இடைவேளையில் ஒரு பெரிய வண்டி தேர் மாதிரி அசைந்து வருகிறது. கீறல் விழுந்த தரையைச் சீவி, வெந்நீர் விட்டு மெழுகிக்கொண்டே சுற்றி வந்து நிலைக்குப் போய்விடுகிறது. முதல் தடவை பார்த்தபோது என்னையறியாமல் கைகூப்பிவிட்டேன். பக்கத்து சீட் குழந்தையும் என்னைப் பார்த்துக் கூப்பிற்று.

ஆனால் நான் பார்க்கப் போவது ஆட்டத்தை அல்ல, ஆட்டம் பார்க்கிறவர்களை. சனிக்கிழமை காலைகளில் டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடையில் ஒரு கமிட்டி கூடுகிறது. கடையே ஓர் ஆட்டக்காரர் பெயரில் இருப்பதுதான். டிம் ஹார்ட்டன், டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸின் தடுப்பாட்டக்காரர். 1964-ல் ஹாமில்ட்டனில் முதல் கடையைத் திறந்தார். லீஃப்ஸ் கடைசியாக லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை ஜெயித்தது 1967-ல். அந்த அணியிலும் அவர் இருந்தார். அதற்கப்புறம் கடை பெருகிக்கொண்டே போகிறது, கோப்பைதான் வரவில்லை. காபியைப் பற்றி எழுத மாட்டேன், மாமி அழுதுவிடுவாள்.

கமிட்டியில் மூன்று பேர். ஒருவர் பஸ் தாத்தா, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். 1967 கோப்பையைச் சிறுவனாகப் பார்த்தவர் என்பதால் அவர் வார்த்தைக்கு வேதப் பிரமாணம். அடுத்தவர் பஞ்சாபி லாரிக்காரர். 2008 முதல் இங்கே பஞ்சாபியில் ஹாக்கி வர்ணனை உண்டு, அதைக் கேட்டபடி கனடா முழுக்க ஓட்டியவர். மூன்றாமவர் யாழ்ப்பாணத்து அண்ணன், மளிகைக் கடை வைத்திருக்கிறார். தமிழில் எனக்கு வர்ணனையாளர் அவர்தான்.

இவர்கள் தொழில் என்ன தெரியுமா? புதுசாக வந்த பையன்களுக்கு மார்க் போடுவது. லீக்கிலேயே அதற்கு வாகாக ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையனை ஒன்பது ஆட்டம் வரை ஆடவிட்டுப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் ஜூனியர் அணிக்கே திருப்பி அனுப்பிவிடலாம், ஒப்பந்தம் தொடங்கியதாகவே கணக்கில்லை. பத்தாவது ஆட்டத்தில் இறங்கிவிட்டால் முதல் வருஷம் ஓட ஆரம்பித்துவிடும். பெண் பார்க்கப் போய் சொஜ்ஜி பஜ்ஜியை முடித்துவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்போமே, அதே ஏற்பாடுதான். இங்கே ஒன்பது தரம் பஜ்ஜி சாப்பிடலாம்.

இந்த வருஷப் பையன் மேத்யூ ஷேஃபர். ஹாமில்ட்டன்காரன், திருச்சிக்குத் தஞ்சாவூர் மாதிரி பக்கத்து ஊர். ஜூனில் நடந்த தேர்வில் முதல் ஆளாக நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்துக்கொண்டது. நம்மாத்துப் பையன் அடுத்த ஊர்ச் சபாவில் பாடுகிற கதை. பெருமையும் வயிற்றெரிச்சலும் ஒரே டம்ளரில். போன சீசனில் காறை எலும்பு முறிந்து ஜூனியரில் 17 ஆட்டம்தான் ஆடியிருந்தான். அக்டோபர் 9-ம் தேதி பிட்ஸ்பர்க்கில் அரங்கேற்றம். முதல் நாளே ஒரு கோலுக்கு எடுத்துக் கொடுத்தான். இரண்டாவது ஆட்டத்தில் தானே ஒரு கோல் போட்டான். இரண்டிலும் அணி தோற்றது.

அடுத்த சனிக்கிழமை கமிட்டி கூடியது.

"கால் இருக்கு. தோள் இல்லை. பத்தாவது ஆட்டத்துக்குள் அடிபட்டு உட்காருவான்" என்றார் பஸ் தாத்தா.

"வீட்டில் நெய் போதவில்லை" என்றார் லாரிக்காரர்.

"பெடியன் நல்லா ஓடுறான் தம்பி. ஆனா பாருங்கோ, சரியான அவசரம்" என்றார் அண்ணன்.

பதினெட்டு வயசில் அவசரப்படாமல் எண்பதிலா படுவது என்று கேட்க வாயெடுத்தேன். கமிட்டியில் நான் தற்காலிக உறுப்பினர், அடக்கிக்கொண்டேன்.

இவர்களைத் திருப்திப்படுத்தவே முடியாது, மாமா. 2016 அக்டோபர் 12, ஆஸ்டன் மேத்யூஸ் என்ற பையன் லீஃப்ஸுக்காக ஆட்டாவாவில் முதல் ஆட்டம் ஆடினான். அரிசோனாப் பாலைவனத்தில் வளர்ந்த பிள்ளை. அன்றைக்கு நாலு கோல்! இந்தக் காலத்து லீக்கில் முதல் ஆட்டத்திலேயே நாலு போட்டவன் அதற்குமுன் இல்லை. கூடுதல் நேரத்தில் ஆட்டாவா ஒன்று போட்டு 5-4 என்று ஜெயித்துவிட்டது. அந்தக் கோலைப் போட்டவனை மறித்திருக்க வேண்டியது மேத்யூஸ்தான். பஸ் தாத்தா இன்றுவரை கேட்கும் கேள்வி: "அஞ்சாவதை விட்டது யார்?" நாலு பாயசம் பரிமாறின கல்யாணத்தில் அப்பளம் நமுத்துப்போச்சு என்று எழுந்து போகிற சம்பந்தி உண்டே, அந்த ஜாதி.

எதிர்க்கதையும் உண்டு. ஜோ தார்ன்டன், 1997-ல் முதல் ஆளாகத் தேர்வானவர். பாஸ்டனுக்கு முதல் சீசனில் 55 ஆட்டம், மூன்றே மூன்று கோல். இவன் தேறமாட்டான் என்று பஸ் தாத்தா அன்றே எழுதி மூடிவிட்டாராம். தார்ன்டன் 1,714 ஆட்டம் ஆடி, இந்த வருஷம் ஹாக்கியின் புகழ்மண்டபத்தில் படமாகத் தொங்குகிறார். "லேட்டாகப் பழுத்தான்" என்கிறார் தாத்தா. தப்பு தன் பேரில் இல்லையாம், பழத்தின் பேரில்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டிற்று. இந்த ஆட்டத்தில் பையன்களுக்குக் கணக்கில்லாத கணக்கு. அதில் ஒன்று பிளஸ் மைனஸ். நீ தரையில் நிற்கும்போது உன் அணி கோல் போட்டால் பிளஸ் ஒன்று, வாங்கினால் மைனஸ் ஒன்று. நீ பக்கைத் தொட்டிருக்கவே வேண்டாம். கூட்டுக் குடும்பத்து நியாயம்: சாம்பார் அடிப்பிடிக்கும்போது சமையலறையில் யார் நின்றாளோ, அவள் பேரில் பழி. பையன்களுக்கு இவ்வளவும் எழுதுகிறார்களே, மார்க் போடுகிறவர்களுக்கு மார்க் ஷீட் உண்டா? வாத்தியார் பரீட்சை எழுதுவதில்லை, ஜோசியர் பழைய பஞ்சாங்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

எழுபத்தைந்து சென்ட்டுக்கு ஒரு நோட்டு வாங்கினேன். அண்ணன் கடைப் பாக்கி நோட்டு மாதிரியே நீளமானது. ஆளுக்கு ஒரு பக்கம். யார், எந்தத் தேதியில், எந்தப் பையனைப் பற்றி என்ன சொன்னார், அப்புறம் என்ன ஆயிற்று. ஷேஃபருக்குப் பத்தாவது ஆட்டம் தாண்டிற்று, டிசம்பரும் வந்துவிட்டது, பையன் உட்காரவில்லை. தாத்தாவுக்கு மைனஸ் ஒன்று. பழைய பாக்கியையும் சேர்த்து மைனஸ் ஆறில் நிற்கிறார். நோட்டைக் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். கடைசியில், "இதில் இரண்டு நான் சொன்னது இல்லை, என் மச்சினன் சொன்னது" என்றார்.

மச்சினனுக்கும் ஒரு பக்கம் திறந்தேன். அந்தக் கையோடு மாமா, உங்களுக்கும் ஒன்று.

முதல் வரி, 1979. நம் கோயிலில் பாதியில் நின்ற மொட்டைக் கோபுரத்தை ஜீயர் அழகியசிங்கர் கட்டி முடிக்கப்போகிறார் என்று சேதி வந்தபோது நீங்கள் சொன்னதாக அம்மா சொல்லிக் கேள்வி: "நானூறு வருஷமா ராஜாக்களாலேயே முடியலை. இதெல்லாம் நடக்கிற காரியமா?" எட்டே வருஷம். பதின்மூன்று நிலை, 236 அடி. 1987 மார்ச் 25 சம்ப்ரோக்ஷணத்துக்கு விடியற்காலையிலேயே மொட்டைமாடியில் இடம் பிடித்தது நீங்கள்தானாம். மைனஸ் ஒன்று. (இந்தக் கோபுரக் கதையைக் கமிட்டிக்குச் சொன்னேன். 1967-லிருந்து காத்திருப்பதாக அலுத்துக்கொள்கிறவர்கள் நானூறு என்றதும் வாயடைத்துப் போனார்கள். லாரிக்காரர்தான், "அப்படியானால் லீஃப்ஸுக்கு இன்னும் டைம் இருக்கு" என்றார்.)

இரண்டாவது வரி, 2022 மே 23. ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை, பாகிஸ்தானோடு ஆட்டம். அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் இந்தியாவுக்கு முதல்முறையாக இறங்குகிறான். டிவி முன்னாலிருந்து எனக்கு போன் போட்டீர்கள். இங்கே காலை வேளை. "பந்து இல்லாதப்போ எங்க ஓடறான் பாரு. அதாண்டா ஆட்டம்." சொல்லி வாய் மூடவில்லை, கோல்! கடைசியில் 1-1 என்று சமனாயிற்று. ஆனால் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்துக்கொண்டே மைதானச் சுவரோரம் நின்று கண்ணைத் தீட்டிக்கொண்டவர் நீங்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது. பிளஸ் ஒன்று. போன வாரம் ஜூனியர் உலகக் கோப்பைக்கு பஸ் பிடித்து மதுரை போய்வந்ததாக மாமி சொன்னாள். அர்ஜென்டினாவை 4-2 என்று அடித்து வெண்கலம் வாங்கிய பிள்ளைகளில் யார் தேறுவார்கள் என்று பதிலில் எழுதவும். தேதி போட்டு எழுதவும், நோட்டில் ஏற்ற வேண்டும்.

மூன்றாவது வரி, 2021 ஆகஸ்ட், திருச்சி ஏர்போர்ட். என் காதில் விழாது என்று நினைத்து அம்மாவிடம் சொன்னீர்கள்: "ரெண்டு குளிர்காலம் தாங்கமாட்டான். திரும்பி வந்துடுவான்." இது ஐந்தாவது நடக்கிறது. மைனஸ் ஒன்று. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் குளிர்காலத்தில் பஸ் ஸ்டாப்பில் கண்ணீர் உறைந்து நின்றபோது இரண்டு தடவை டிக்கெட் விலை பார்த்தேன். அதனால் மைனஸ் அரை என்று திருத்தியிருக்கிறேன்.

நாலாவது வரியை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நீங்கள் ஒரு லீக் டீமில் ஆடியது எத்தனை ஆட்டம்? அம்மா ஒன்று என்கிறாள். நீங்கள் இரண்டு என்பீர்கள், இரண்டாவதில் பெஞ்சில் இருந்ததையும் சேர்த்து. பரண்மேல் பழைய வேட்டி சுற்றி வைத்திருக்கும் ஸ்டிக்கைச் சின்ன வயசில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பிடியில் சுற்றின துணி தேயவே இல்லை. ஒருவனை ஒரு ஆட்டத்தில் எடைபோட்டு அனுப்பியவர்கள் யாரோ, அவர்களுக்கு என்னிடம் பக்கம் இல்லை. இருந்தால் முதல் மைனஸ் அங்கேதான் விழும்.

என் சங்கதி. நானும் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறேன். வகுப்பில் என்னைத் தவிர எல்லோருக்கும் ஐந்து வயசு. அவர்கள் விழுந்தால் பந்து மாதிரி எழுந்துவிடுகிறார்கள். நான் விழுந்தால் இரண்டு பேர் வரவேண்டியிருக்கிறது. போன வாரம் கமிட்டி நேரில் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது.

"முட்டியை மடக்கணும்" என்றார் பஸ் தாத்தா.

"சாப்பாடு போதாது" என்றார் லாரிக்காரர்.

"தம்பி, நீங்கள் விழுறது திறமாய் இருக்கு" என்றார் அண்ணன்.

இதுவரை எட்டு வகுப்பு ஆகியிருக்கிறது. சனிக்கிழமை ஒன்பதாவது. இவன் தேறுவானா, மாட்டானா என்று உங்கள் தீர்ப்பை மறுதபாலில் அனுப்புங்கள். மைனஸில் நிற்கிறீர்கள், யோசித்து எழுதுங்கள்.

மாமிக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் மருமான்

பி.கு.: மாமி கொடுத்தனுப்பிய காபிப் பொடியில் டிகாக்‌ஷன் இறக்கி பஸ் தாத்தாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்துவிட்டு வெகுநேரம் டபராவைப் பார்த்தார். எப்படி என்று கேட்டேன். நோட்டு என் கையில் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரு டம்ளரை வைத்துச் சொல்லக் கூடாது. இன்னும் எட்டு பார்க்கணும்." அரை கிலோ அனுப்பவும்.